மூளையின் முட்டுக்கட்டைகள்

நுழையும்முன்

‘செய்’ என்பதைப் போலவே ‘செய்யாதே’ என்பதும் இலக்கணத்தில் ஏவலே. மனித மூளையிலும் இவ்விரு ஏவல்களும் இடையறாது நிகழ்கின்றன. தூண்டுவதற்கென்று நரம்பணுக்கள் இருப்பதுபோல, தடுப்பதற்கென்றும் நரம்பணுக்கள் இருக்கின்றன. தடுப்பவை தளர்ந்தால் வலிப்பு தோன்றுகிறது; அவை உரிய காலத்தில் உரிய இடத்தைச் சேராவிட்டால் மூளையின் வளர்ச்சியே தடுமாறுகிறது. நெடுங்காலம் தெய்வக் குற்றமாகவும் பேயின் பிடியாகவும் கருதப்பட்ட ஒரு நோயை அறிவியல் எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தேரும் கட்டையும்

திருவாரூரில் ஆழித்தேர் ஓடும் நாளில், வீதியில் நிற்போரின் கண்கள் முதலில் வடத்தையே நாடும். ஆயிரக்கணக்கானோர் வடம்பிடிக்க, தேர் அசைந்து அசைந்து வரும். சக்கரங்களின் அருகே மரக்கட்டைகளுடன் குனிந்து நடந்துவரும் சிலரைப் பலரும் கவனிப்பதில்லை. தேர் எங்கே நிற்க வேண்டும், எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையில்தான் உள்ளது. ஒரு சக்கரத்தின் முன் கட்டையை இட்டால் தேர் அப்பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், திருப்பத்தில் தேர் திரும்பும்.

‘முட்டுக்கட்டை போடுதல்’ என்னும் தொடருக்கு இன்றைய வழக்கில் இடையூறு செய்தல் என்றே பொருள் கொள்கிறோம். தேர்வீதியிலோ முட்டுக்கட்டை இல்லையேல் தேரோட்டமே இல்லை. நம் மூளையின் இயக்கத்தை விளங்கிக்கொள்ள இக்காட்சி பெரிதும் உதவும்.

தூண்டலும் தடுத்தலும்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு நரம்பணு ஓய்வாக இருக்கும்போது, அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தம் கொண்டிருக்கும். பிற நரம்பணுக்கள் அனுப்பும் வேதிப்பொருள்கள் இவ்வழுத்தத்தை மாற்றுகின்றன. மாற்றம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தொட்டால் அந்நரம்பணு ஒரு மின்துடிப்பை எழுப்பி, தன்னோடு இணைந்த மற்ற நரம்பணுக்களுக்குச் செய்தியை அனுப்புகிறது. எல்லையைத் தொடாவிட்டால் வாளாவிருக்கிறது.

நரம்பணுவை அவ்வெல்லையை நோக்கித் தள்ளுபவை தூண்டும் நரம்பணுக்கள். அவை குளுட்டமேட் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. எல்லையைத் தொடவிடாமல் பிடித்து நிறுத்துபவை தடுக்கும் நரம்பணுக்கள். அவை சுரக்கும் முதன்மையான வேதிப்பொருள் காபா. சிந்தனை, மொழி, நினைவு ஆகியவற்றுக்கு இடமாகிய பெருமூளைப் புறணியில் ஐந்தில் நான்கு பங்கு நரம்பணுக்கள் தூண்டுபவை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தடுப்பவை.

தடுக்கும் நரம்பணுக்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையே. எனினும் அவற்றுள் பல வகைகள் உண்டு. கூடைச் செல்கள் எனப்படுபவை, தாம் தடுக்க வேண்டிய நரம்பணுவின் உடலைக் கூடை பின்னியதுபோல் சூழ்ந்துகொள்கின்றன. சரவிளக்குச் செல்கள், மின்துடிப்பு தோன்றும் இடத்தையே தேடிப் பற்றுகின்றன. வேறு சில, செய்தி வந்து சேரும் கிளைகளில் அமர்ந்து, எதை உள்ளே விடுவது, எதை விலக்குவது என முறைப்படுத்துகின்றன.

இவை இல்லையென வைத்துக்கொள்வோம். ஒன்று பத்தைத் தூண்டும்; பத்து நூறைத் தூண்டும்; நூறு ஆயிரமாகும். நொடிப்பொழுதில் மூளை முழுவதும் ஒரே ஆரவாரமாகிவிடும்.

நிறுத்தும் நரம்பு

நரம்பின் பணி தூண்டுவது மட்டுமே என்று அறிஞர்கள் கருதியிருந்த காலம் உண்டு. 1845ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த வெபர் உடன்பிறப்புகள் இருவர், மூளையிலிருந்து இதயத்திற்குச் செல்லும் நரம்பு ஒன்றை மின்சாரத்தால் தூண்டினர். இதயம் விரைந்து துடிக்கவில்லை. துடிப்பது தளர்ந்து நின்றது. ஒரு நரம்பு தன் செயலாலேயே ஓர் உறுப்பை நிறுத்த முடியும் என்பது அன்று தெரியவந்தது.

இங்கிலாந்து அறிஞர் சார்லஸ் செரிங்டன் இக்கருத்தை மேலும் வளர்த்தார். முழங்கையை மடக்கும்போது மேற்கையின் முன்புறத் தசை சுருங்குகிறது. அதே வேளையில், கையை நீட்டும் பின்புறத் தசை தளர வேண்டும். இரண்டும் ஒருசேரச் சுருங்கினால் கை விறைத்து நிற்குமேயன்றி மடங்காது. ஒரு தசையைத் தூண்டும் நரம்பு மண்டலம் அதற்கு எதிரான தசையை அதே கணத்தில் தடுத்து நிறுத்துகிறது என்று செரிங்டன் காட்டினார். 1932ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கும் எட்கர் ஏட்ரியனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்திலும், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் தூண்டலோடு தடுத்தலும் சேர்ந்தே இருக்கிறது.

தடுக்கும் பொருள் எது என்பது வெகுநாள் விளங்கவில்லை. 1950ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் யூஜின் ராபர்ட்ஸ், மூளைத் திசுவில் காபா மிகுதியாக இருப்பதைக் கண்டறிந்தார். அதன் பணி என்ன என்பது அப்போது தெரியவில்லை. எர்ன்ஸ்ட் ஃப்ளோரி என்பவர், மூளையிலிருந்து எடுத்த சாறு நன்னீர் இறாலின் நரம்பணுக்களை அமைதிப்படுத்துவதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் காபாவே என 1957இல் உறுதியாயிற்று.

எட்டிக்காய் கற்பித்த பாடம்

ஒன்றின் அருமை அது இல்லாதபோது தெரியும் என்பர். தடுப்பின் அருமையை உணர்த்திய பொருள்களுள் நம் நாட்டு எட்டி மரத்தின் விதையும் ஒன்று. அதிலுள்ள ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சு நரம்புகளை நேரடியாகத் தூண்டுவதில்லை. தண்டுவடத்தில் தடுப்புப் பணியைச் செய்யும் கிளைசின் என்னும் பொருளைச் செயல்படவிடாமல் மறிக்கிறது, அவ்வளவே. தடை நீங்கியதும் சிறு ஓசையோ தொடுதலோகூட உடலின் எல்லாத் தசைகளையும் ஒருசேர விறைக்கச் செய்துவிடுகிறது. துருப்பிடித்த ஆணி குத்திய புண்ணின் வழியே நுழையும் கிருமியால் வரும் டெட்டனஸ் நோயும் இத்தகையதே. அக்கிருமியின் நஞ்சு, தடுக்கும் நரம்பணுக்கள் கிளைசினையும் காபாவையும் வெளியிடாதபடி செய்கிறது.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமான பாடம். நலமாகப் பிறந்த கைக்குழந்தைகள் பலருக்குக் காரணமின்றி வலிப்பு கண்டது. அவர்கள் அனைவரும் ஒரே வகைப் புட்டிப்பால் உணவை உண்டவர்கள். கிருமி நீக்குவதற்காக அவ்வுணவைச் சூடாக்கியபோது அதிலிருந்த வைட்டமின் பி6 பெருமளவு அழிந்திருந்தது. அந்த வைட்டமினைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது.

காரணம் வேதியியலில் இருந்தது. மூளை காபாவைப் புதிதாக உருவாக்குவதில்லை. தூண்டும் பொருளாகிய குளுட்டமேட்டையே ஒரு நொதியின் உதவியால் தடுக்கும் பொருளாகிய காபாவாக மாற்றிக்கொள்கிறது. அந்நொதி செயல்பட வைட்டமின் பி6 தேவை. அது குறைந்தபோது காபா குறைந்தது. காபா குறைந்தபோது வலிப்பு வந்தது. தாயரும் மருத்துவரும் திகைத்து நின்ற ஒரு துன்பத்தின் வேர் ஒரு துளி வைட்டமினில் இருந்தது.

வலிப்பு என்பது யாது?

இயல்பான மூளையில் நரம்பணுக்கள் தத்தம் முறை வரும்போது துடிக்கின்றன. சந்தையில் ஒவ்வொருவரும் தம் பேச்சைப் பேசுவதைப் போன்றது அது. வலிப்பின்போது ஒரு பகுதியிலுள்ள எண்ணற்ற நரம்பணுக்கள் ஒரே தாளத்தில், ஒருசேர, மிகையாகத் துடிக்கின்றன. எல்லோரும் ஒரே சொல்லை ஒரே குரலில் கத்தினால் அங்கே பேச்சு நடைபெறுமா? அவ்வாறே அப்பகுதியின் இயல்பான பணி நின்றுவிடுகிறது. ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அதன் பிறகே இம்மாற்றத்தைக் கண்ணால் காண முடிந்தது.

மிகை இயக்கம் கைகால்களை இயக்கும் பகுதியில் தோன்றினால் அவை வெட்டி இழுக்கும். பிற பகுதிகளில் தோன்றினால் இல்லாத மணம் தெரியலாம். காரணமற்ற அச்சம் தோன்றலாம். சில குழந்தைகள் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் இயல்பாவர். வகுப்பில் இதனைக் கவனக்குறைவு எனக் கருதிக் கண்டிப்பதும் உண்டு. அக்குழந்தைக்குத் தேவை மருத்துவரே தவிர தண்டனை அன்று.

தலைக்காயம், பக்கவாதம், மூளைக்காய்ச்சல், நாடாப்புழுவின் இளவுயிரி மூளையை அடைதல், பிறவிக் குறைபாடு எனக் கால்-கை வலிப்புக்குக் காரணங்கள் பல. அவை அனைத்தையும் காபா ஒன்றாலேயே விளக்கிவிட இயலாது. எனினும் தூண்டலுக்கும் தடுத்தலுக்கும் இடையிலான சமநிலை குலைவதே அவற்றுக்கெல்லாம் பொதுவான வாயிலாக உள்ளது.

ஒரு புதிரும் அதன் விடையும்

1978ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு மருத்துவர் சார்லட் டிராவே, குழந்தைகளைத் தாக்கும் கடுமையான வலிப்பு நோய் ஒன்றை விவரித்தார். அதுவரை நலமாக இருந்த குழந்தைக்கு முதல் வயதுக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு, நெடுநேரம் நீடிக்கும் வலிப்பு வருகிறது. இரண்டாம் வயது முதல் பேச்சும் நடையும் அறிவுவளர்ச்சியும் பின்தங்குகின்றன. இன்று அது டிராவே நோய் என்றே வழங்கப்படுகிறது.

2001இல் அதன் மரபணுக் காரணம் தெரியவந்தது. நரம்பணுவின் சுவரில் சோடியம் அயனிகள் நுழைவதற்குச் சிறு வாயில்கள் உள்ளன. அவை திறக்கும்போதுதான் மின்துடிப்பு எழும். அவ்வாயில்களுள் ஒரு வகையை உருவாக்கும் மரபணுவின் இரு படிகளில் ஒன்று இக்குழந்தைகளிடம் பழுதுபட்டிருந்தது. இங்குதான் புதிர் எழுந்தது. வாயில்கள் குறைந்தால் மின்துடிப்பும் குறைய வேண்டும். மூளை அமைதியடைய வேண்டும். மாறாக வலிப்பு வருவது எவ்வாறு?

2006இல் வில்லியம் கேட்டராலின் ஆய்வுக்குழு எலிகளில் இதற்கு விடை கண்டது. அம்மரபணு பழுதுபட்ட எலிகளின் தூண்டும் நரம்பணுக்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தடுக்கும் நரம்பணுக்களில்தான் சோடியம் மின்னோட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது. மிக விரைந்து துடிக்கும் இவை அந்த ஒருவகை வாயிலையே பெரிதும் நம்பியிருந்தன. வடம் இழுப்போரின் வலிமை கூடவில்லை. கட்டை இடுவோரின் கைதான் சோர்ந்திருந்தது.

இவ்விடை மருத்துவத்திலும் பயன் தந்தது. வலிப்புக்கு வழங்கும் சில மருந்துகள் சோடியம் வாயில்களை அடைப்பவை. பிற நோயாளிகளுக்கு நன்மை தரும் அவை, டிராவே நோயுள்ள குழந்தைகளுக்கு நோயை மிகுவிப்பதை மருத்துவர்கள் முன்னரே கண்டிருந்தனர். ஏற்கெனவே சோர்ந்த தடுக்கும் நரம்பணுக்களை அவை மேலும் சோர்வுறச் செய்கின்றன என்பது இப்போது விளங்கியது. எனவேதான் வலிப்பின் வகையறிந்து மருந்து தர வேண்டும் என்கின்றனர். ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவர் உண்பது தீங்காகும்.

மற்றொன்றும் இங்கே கருதத்தக்கது. இம்மரபணுப் பழுது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. அக்குழந்தையிடம் புதிதாக நேர்கிறது. ‘யார் செய்த பாவமோ’ என்று தாயைக் குறைகூறுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கருவில் ஒரு நெடும்பயணம்

தடுக்கும் நரம்பணுக்களின் பிறப்பும் வியப்புக்குரியது. புறணியின் தூண்டும் நரம்பணுக்கள் அதன் அடித்தளத்தில் தோன்றி, நேராக மேலேறித் தம் இடத்தை அடைகின்றன. தடுக்கும் நரம்பணுக்களும் அவ்வாறே தோன்றுவதாக நெடுநாள் கருதப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை முன்மூளையின் கீழ்ப்பகுதியில் வேறோர் இடத்தில் பிறந்து, பக்கவாட்டில் நெடுந்தொலைவு ஊர்ந்து புறணியை அடைகின்றன என்பதை 1997இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. மனிதரில் இப்பயணம் பிறப்போடு முடிவதில்லை. பிறந்து சில திங்கள் வரையிலும் இளம் நரம்பணுக்கள் முன்மூளை மடலுக்குச் சென்றுகொண்டிருப்பதை 2016இல் வெளியான ஆய்வு உணர்த்தியது.

நெடிய வழியில் இடர்களும் மிகுதி. இப்பயணத்தை வழிநடத்தும் மரபணுக்கள் பழுதுற்றால் தடுக்கும் நரம்பணுக்கள் உரிய இடத்தைச் சேர்வதில்லை. அத்தகைய குழந்தைகளிடம் கடும் வலிப்பும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் ஒருங்கே காணப்படுகின்றன.

தடுக்கும் காபாவே தொடக்கத்தில் தூண்டும் என்பது இன்னும் வியப்பானது. வளர்ந்த நரம்பணுவில் காபா பட்டதும் குளோரைடு அயனிகள் உள்ளே நுழைகின்றன, நரம்பணு அமைதியுறுகிறது. வளரும் இளம் நரம்பணுவினுள் குளோரைடு ஏற்கெனவே மிகுந்திருப்பதால் அது வெளியேறுகிறது, நரம்பணு கிளர்ச்சியுறுகிறது. அக்கிளர்ச்சி நரம்பணுக்களின் வளர்ச்சிக்கும் இணைப்புகள் உருவாவதற்கும் துணைசெய்கிறது. நாளடைவில் குளோரைடை வெளியேற்றும் புரதம் பெருகியதும் காபா தன் தடுப்புப் பணியை மேற்கொள்கிறது. காபாவின் செயலை மிகுவிக்கும் மருந்துகள், பிறந்த குழந்தைகளின் வலிப்பில் எதிர்பார்த்த பயன் தராமல் போவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கற்கும் பருவத்தைத் திறக்கும் திறவுகோல்

பூனைக்குட்டியின் ஒரு கண்ணை இளம்பருவத்தில் மூடிவைத்தால், பின்னர்த் திறந்தாலும் அக்கண்ணால் அது சரிவரக் காண்பதில்லை. கண் நலமாக இருந்தும், மூளை அக்கண்ணின் செய்தியைப் பெறக் கற்கவில்லை. டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் ஆகியோர் 1960களில் கண்ட இவ்வுண்மை, கற்பதற்கென மூளையில் ஓர் உரிய பருவம் உண்டு என்பதை உணர்த்தியது. இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்குக் காலம் தாழ்த்தாமல் அறுவை மருத்துவம் செய்வதும் இதனால்தான்.

அப்பருவத்தைத் தொடங்கி வைப்பது எது? 1998இல் தகாவோ ஹென்ஷ் குழுவினர், காபாவை உருவாக்கும் நொதிகளுள் ஒன்று இல்லாத எலிகளை ஆராய்ந்தனர். அவற்றின் ஒரு கண்ணை மூடியபோது மூளையில் இயல்பாக நிகழ வேண்டிய மாற்றம் நிகழவில்லை. காபாவின் செயலை மிகுவிக்கும் மருந்தைத் தந்ததும் அம்மாற்றம் நிகழ்ந்தது. தடுக்கும் நரம்பணுக்கள் முதிர்ந்தால்தான் மூளை கற்கத் தொடங்கும் என்பது இதன் பொருள். வந்துசேரும் எல்லா ஓசைகளுக்கும் ஒருசேரச் செவிசாய்ப்பவரால் எதையும் கற்க முடியாது. தேவையற்றதை விலக்கும் ஆற்றலே கற்றலுக்கு முதற்படி.

மருந்தும் அளவும்

1912இல் ஆல்பிரெட் ஹவுப்ட்மன் என்னும் ஜெர்மானிய மருத்துவர், உறக்கத்துக்காகத் தரப்பட்ட பினோபார்பிட்டால் வலிப்பைக் குறைப்பதைக் கவனித்தார். அது காபாவின் தடுப்பை மிகுவிக்கிறது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அம்மருந்து பயன்பாட்டில் உள்ளது.

தடுப்பை மிகுவித்தால் எல்லாம் சரியாகிவிடுமா எனில், இல்லை. அளவு மிஞ்சினால் மயக்கமும் சோர்வும் வரும். சில நொடிகள் வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பில், மூளையின் ஆழத்தில் உள்ள தடுப்பே நரம்பணுக்களை ஒரே தாளத்தில் கட்டிவிடுகிறது. அங்குக் காபாவை மிகுவிக்கும் சில மருந்துகள் நோயை வளர்க்கின்றன. எப்போதும் கட்டையிட்டால் தேர் நகராது. இடாமலே விட்டால் தேர் நிற்காது. உரிய இடத்தில், உரிய கணத்தில் இடுவதே திறமை.

இரும்பும் இகழ்ச்சியும்

‘கால்-கை வலிப்பு’ என்னும் சொல் பேச்சுவழக்கில் ‘காக்காய் வலிப்பு’ எனத் திரிந்தது. காக்கைக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வலிப்பு கண்டவரின் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்கும் வழக்கமும் இத்தகையதே. பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு மணித்துளிகளில் தாமே நின்றுவிடும். இரும்பைத் தேடிக் கொண்டுவருவதற்கும் அவ்வளவு நேரம் ஆகிறது. நிறுத்தியது மூளை, புகழ் பெற்றது இரும்பு.

அறியாமை இதனோடு நிற்கவில்லை. நம் நாட்டின் திருமணச் சட்டங்களிலேயே கால்-கை வலிப்பு திருமணத்துக்குத் தடையாக இடம்பெற்றிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனை நீக்கியது. சட்டம் மாறிய பின்னும், நோயை மறைத்து வாழும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. மறைப்பதால் மருத்துவம் தள்ளிப்போகிறது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். உரிய மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. மருந்து இருக்கிறது, அதனை நாடிச் செல்லும் துணிவைத் தடுப்பது நம் இகழ்ச்சிதான்.

வீதிகளைச் சுற்றிவந்த தேர் மாலையில் நிலையை அடைகிறது. வடம் பிடித்தவர்களின் உழைப்பும் கட்டையிட்டவர்களின் விழிப்பும் சேர்ந்தே அதனை அங்குக் கொண்டுவந்தன. நம் மூளையிலும் ஒவ்வொரு நொடியும் இவ்விரண்டும் நிகழ்கின்றன. என்றோ ஒருநாள் நம் அருகில் அமர்ந்திருக்கும் தோழருக்கோ தோழிக்கோ அக்கட்டை சற்றே நழுவலாம். அவ்வேளையில் விலகி ஓடாமல் அருகிருந்து காப்பதும், அவர் கண்விழிக்கும்போது முன்போலவே பேசுவதும் இப்பாடத்தைக் கற்றதன் பயனாகும்.

தெரிந்து தெளிவோம்

வலிப்பு வந்தவருக்கு முதலுதவி

• பதற்றம் கொள்ளாமல், வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல்.
• அருகிலுள்ள கூரிய, கடினமான பொருள்களை அகற்றுதல். தலைக்கடியில் மென்மையான துணியை வைத்தல்.
• கழுத்தை இறுக்கும் ஆடையைத் தளர்த்துதல்.
• கைகால்களை அழுத்திப் பிடிக்காதிருத்தல். வாயில் எப்பொருளையும் திணிக்காதிருத்தல்.
• வெட்டி இழுப்பது நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தல்.
• முழு நினைவு திரும்பும்வரை நீரோ உணவோ தராதிருத்தல்.
• வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலும் 108 அவசர ஊர்தியை அழைத்தல்.

கற்பவை கற்றபின்

1. ‘முட்டுக்கட்டை’ என்பதுபோல, வழக்கில் எதிர்மறைப் பொருள் பெற்றுவிட்ட தொழிற்சொற்கள் சிலவற்றைத் தொகுத்து, அவற்றின் முதற்பொருளை எழுதுக.
2. வலிப்பு நோய் பற்றி உங்கள் ஊரில் நிலவும் நம்பிக்கைகளைக் கேட்டறிந்து, அவற்றின் உண்மைத்தன்மை குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. முதலுதவிக் குறிப்புகளைச் சுவரொட்டியாக வடிவமைத்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் இடம்பெறச் செய்க.